பட்டாலைப் பதில்கள்: 30,000 பேர் கூடப் போனால் ஊர் அடங்கிவிடுமா?

போன இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லப் போய், நடுவில் ஒரு வரி எழுதிவிட்டேன்: "ஈராக்கில் அமெரிக்கா பாக்தாத்தைப் பிடித்தது ஏப்ரலில், தோற்க ஆரம்பித்தது மே மாதத்தில்." அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. ஆகவே கும்மாயத்துக்கு என்ன பருப்பு, ஒன்பது கோயிலில் யாருக்கு எந்தக் கோயில் என்ற கேள்விகளெல்லாம் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். கேட்டவர்கள் பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் எழுதியிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

2007-ல் புஷ் கூடுதலாக 30,000 வீரர்களை அனுப்பினார், அடுத்த வருஷமே ஈராக்கில் வன்முறை குறைந்துவிட்டது என்று எங்கள் பாடத்தில் வருகிறது. அப்படியானால் ஆள் பலம்தானே வழி? நீங்கள் ஏன் மாற்றி எழுதுகிறீர்கள்?
(கல்லூரி மாணவி, காரைக்குடி)

பாடத்தில் இருப்பது பொய்யில்லை தங்கச்சி, பாதிக் கணக்கு. மீதியையும் சேர்த்துப் பார்ப்போம்.

முதலில் அந்த மே மாதம். 2003 மார்ச் 20-ல் படை நுழைந்தது, ஏப்ரல் 9-ல் பாக்தாத் விழுந்தது. மே மாதம் பால் பிரெமர் என்கிற நிர்வாகி வந்து இறங்கி, 16-ஆம் தேதி ஓர் உத்தரவு போட்டார்: சதாமின் பாத் கட்சியில் மேல்மட்டத்தில் இருந்தவர்களுக்கு இனி அரசு வேலை கிடையாது. 23-ஆம் தேதி இரண்டாவது உத்தரவு: ஈராக் ராணுவம் கலைக்கப்பட்டது. சில லட்சம் ஆண்கள், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள், பலர் துப்பாக்கியோடு வீட்டுக்கே போய்விட்டவர்கள், ஒரே காகிதத்தில் வேலையில்லாதவர்கள் ஆனார்கள். நம்ம பக்கம் ஒரு மில்லை மூடினாலே அந்தத் தெரு ஒரு வருஷத்துக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். இது நாடு முழுக்க.

ஆள் எண்ணிக்கை பற்றிய சண்டை அதற்கும் முன்னாலேயே நடந்து முடிந்திருந்தது. போருக்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 25 அன்று, அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் ஷின்செகி செனட் குழுவில், பிடித்த பிறகு நாட்டைக் கட்டி வைத்திருக்கச் சில லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்றார். பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சர் வுல்ஃபோவிட்ஸ் அதெல்லாம் ரொம்ப அதிகம் என்று தள்ளிவிட்டார். போனது சுமார் 1,50,000. ஷின்செகி சொன்னது சரி என்று பிறகு பலரும் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் ஷின்செகியின் ஆட்களை அனுப்பி, கூடவே பிரெமரின் உத்தரவையும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது உன் 2007-க்கு வருகிறேன். 2006 பிப்ரவரி 22-ல் சமாராவில் ஷியாக்களின் பொற்கூரை மசூதியைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது அமெரிக்கனுக்கும் ஈராக்கியனுக்கும் சண்டை என்பதைவிட, ஒரே தெருவில் ஷியா, சுன்னி என்று இரண்டு முஸ்லிம் பிரிவுகளைச் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் துரத்தியது என்று சொல்வதுதான் பொருந்தும். அந்த நவம்பரில் புஷ் கட்சி தேர்தலில் தோற்றது, பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் போனார். டிசம்பரில் பேக்கர், ஹாமில்டன் தலைமையிலான குழு சண்டைப் படையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. அங்கே தளபதியாக இருந்த கேசிக்கும் ஆளைக் கூட்டுவதில் நம்பிக்கை இல்லை. எல்லோரும் கிழக்கே காட்ட, புஷ் மேற்கே போனார். 2007 ஜனவரி 10-ல் 20,000-க்கும் மேல் என்று அறிவித்தார், உதவிப் பிரிவுகளும் சேர்ந்து அது 30,000 அளவுக்குப் போனது, மொத்தம் 1,70,000-ஐத் தொட்டது. கேசி போய் பெட்ரேயஸ் வந்தார்.

இங்கேதான் உன் பாடப் புத்தகம் ஒரு வரியை விட்டுவிட்டது. 2005 கடைசியில், தேர்தல் சமயத்தில், ஏற்கெனவே 1,60,000 பேர் அங்கே இருந்தார்கள். 2007-ஐவிடப் பத்தாயிரம்தான் குறைவு. அதற்கு அடுத்த வருஷம்தான் ஈராக்கின் மிக மோசமான வருஷம். கிட்டத்தட்ட அதே ஆள் கணக்கு, விளைவு நேர்மாறு. அப்போது மாறியது வேறு ஏதோ.

என்ன மாறியது என்பதில் கொஞ்சம் என் கண்ணால் பார்த்ததும் உண்டு. 2003-லிருந்து 2009 வரை நான் குவைத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிட்டங்கியில் கணக்கு எழுதினேன். எங்கள் யார்டிலிருந்து தண்ணீர் பாட்டில், அரிசி, டாய்லெட் பேப்பர் எல்லாம் வடக்கே அமெரிக்க முகாம்களுக்குப் போகும். ஓட்டுகிறவர்களில் ராமநாதபுரம், சிவகங்கைக்காரர்கள் பாதிப் பேர். 2005, 2006-ல் அவர்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பட்டாளம் பெரிய முகாமுக்குள் இருக்கிறது, பகலில் வண்டியில் ஒரு சுற்று வருகிறது, பொழுது சாய்ந்தால் உள்ளே போய்விடுகிறது, ரோட்டில் ராத்திரி யார் எதைப் புதைத்தாலும் கேட்க ஆளில்லை. 2007-ல் பெட்ரேயஸ் ஆட்களை முகாமைவிட்டு வெளியே தள்ளித் தெருக்களுக்குள்ளேயே குடிவைத்தார், ஈராக் போலீசோடு சேர்த்து ஒரே கட்டடத்தில். ஒரு பேட்டைக்கும் இன்னொரு பேட்டைக்கும் நடுவே ஆளுயரம் இரண்டு மடங்கு கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள்: அமெரிக்க வீரர்கள் மிக அதிகமாகச் செத்த வருஷம் 2007தான், 900-க்கும் மேல்.

அடுத்தது, மேற்கே அன்பார் மாகாணம். புஷ் அறிவிப்புக்கு நாலு மாதம் முன்பே, 2006 செப்டம்பரில், ரமாதியில் அப்துல் சத்தார் அபு ரிஷா என்கிற ஷேக் தலைமையில் சுன்னி இனக்குழுக்கள் அல் கொய்தாவுக்கு எதிராகத் திரும்பிவிட்டன. அல் கொய்தாக்காரர்கள் அவர்கள் பெண்களைக் கேட்டதும், கடத்தல் வியாபாரத்தில் கைவைத்ததும், பெரியவர்களைக் கொன்றதும் சேர்ந்து பொறுமை தீர்ந்துபோயிருந்தது. அமெரிக்கா இதைப் பிடித்துக்கொண்டு, மாதம் சுமார் 300 டாலர் சம்பளம் பேசி, கடைசியில் ஒரு லட்சம் பேர் வரைக்கும் காவலுக்குச் சேர்த்தது. அதில் எத்தனையோ பேர் போன வருஷம் அமெரிக்கனைச் சுட்டவர்கள். பிரெமர் 2003-ல் நிறுத்திய சம்பளத்தை நாலு வருஷம் கழித்து வேறு பெயரில் கொடுத்தார்கள் என்று நான் சொன்னால் என் பழைய முதலாளிக்குக் கோபம் வரும், ஆனால் பேரேட்டில் எழுதினால் அப்படித்தான் வரும். 2007 ஆகஸ்டில் ஷியா தலைவர் முக்ததா அல் சதர் தன் ஆட்களுக்குச் சண்டை நிறுத்தம் அறிவித்தார். அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. பாக்தாத்தில் இரண்டு பிரிவும் கலந்து வாழ்ந்த பேட்டைகள் அதற்குள் பெரும்பாலும் ஒரே பிரிவாகிவிட்டன. நாட்டுக்குள்ளும் வெளியிலுமாக 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டுப் போயிருந்தார்கள். துரத்த வேண்டியவர்களைத் துரத்தி முடித்த தெருவில் சத்தம் குறையத்தானே செய்யும்.

ஈராக் பாடி கவுண்ட் என்ற அமைப்பின் எண்ணிக்கைப்படி 2006-லும் 2007-லும் தலா 25,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள், 2008-ல் அது சுமார் 10,000. குறைந்தது உண்மை. கூடப்போன 30,000 பேருக்கும் அதில் பங்கு உண்டு, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் வராமல் ஷேக்குகள் மட்டும் திரும்பியிருந்தால் கொஞ்சமாவது குறைந்திருக்கும்; ஷேக்குகள் திரும்பாமல் அவர்கள் மட்டும் வந்திருந்தால் 2006-தான் நீண்டிருக்கும் என்பது என் கணிப்பு. 2011 டிசம்பர் 18-ல் கடைசி அமெரிக்க வண்டிகள் எல்லை தாண்டிக் குவைத்துக்குள் வந்ததைக் காரைக்குடியில் டிவியில் பார்த்தேன். அந்த ஒரு லட்சம் காவல்காரர்களுக்குப் பேசிய அரசு வேலையை பாக்தாத் அரசு பெரும்பாலானவர்களுக்குத் தரவில்லை, சம்பளமும் இழுத்தடித்தது. 2014 ஜூனில் மோசுல் நகரம் ஐஎஸ் என்கிற தீவிரவாத அமைப்பின் கையில் விழுந்தது.

ஆயிரம் பேருக்கு 20 வீரர் இருந்தால் ஒரு நாட்டை அடக்கலாம் என்று ஏதோ சூத்திரம் உண்டாமே? கணக்கு வாத்தியார் என்பதால் கேட்கிறேன்.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பத்தூர்)

உண்டு சார். 2006 டிசம்பரில் வந்த அமெரிக்க ராணுவக் கையேட்டிலேயே ஆயிரத்துக்கு 20-லிருந்து 25 என்று போட்டிருக்கிறது. நம்ம சிவகங்கை மாவட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் 13 லட்சத்து 39 ஆயிரம் பேர். அதற்கு 27,000 வீரர்கள். மூன்று ஷிப்டாகப் பிரித்தால் ஒரு நேரத்தில் 9,000. அதில் சமையல்காரன், மெக்கானிக், என்னை மாதிரி கணக்கெழுதுகிறவன் எல்லாரையும் கழித்தால், கோட்டையூர் மாதிரி ஓர் ஊருக்குச் சில டஜன் பேர் வருவார்கள். அவர்களுக்கு நம்ம பாஷை தெரியாது, யார் வீட்டு வளவுக்குள் எத்தனை குடும்பம் என்று தெரியாது, பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் திறக்கும் என்றும் தெரியாது. ஈராக்கின் இரண்டரைக் கோடிப் பேருக்கு இந்தச் சூத்திரப்படி 5 லட்சம் வேண்டும். போனது ஆயிரத்துக்கு ஆறு.

ஆப்கானிஸ்தானில் ஒபாமாவும் 30,000 பேரைத்தானே அனுப்பினார்?
(அதே ஆசிரியர்)

ஆமாம், அதே எண். 2009 டிசம்பர் 1-ல் அறிவித்தார். அதே பேச்சில், 2011 ஜூலையில் திரும்ப ஆரம்பிப்போம் என்றும் சொல்லிவிட்டார். வருகிறவன் போகிற தேதியைச் சொல்லிவிட்டு வந்தால், ஊர்க்காரன் யாரோடு சேருவான் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். காபூல் விழுந்தது 2021 ஆகஸ்ட் 15.

ஜப்பான்காரன் காலத்தில் ரங்கூனில் திருட்டே கிடையாது, கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம் என்று எங்கள் ஐயா சொல்வார்கள். அவன் கொஞ்ச ஆளை வைத்துக்கொண்டே அடக்கினானே, எப்படி?
(நகரத்தார் வாசகர், தேவகோட்டை)

உங்கள் ஐயா சொன்னதை என் அப்பச்சியும் சொல்லியிருக்கிறார்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பார்க்க, போய் வந்தவர்கள் வீட்டில் எல்லாம் இந்தக் கதை உண்டு. ஆனால் அந்தக் கதவு எதனால் திறந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் அவன் சிங்கப்பூரில் செய்ததைப் பாருங்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. பிடித்த படையைவிடப் பிடிபட்ட படை பெரிது. ஜப்பானியர்கள் தங்கள் ஆட்களில் பெரும் பகுதியை அடுத்த போர்முனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது, கொஞ்சப் பேரைக்கொண்டு நகரத்தைப் பிடித்துவைக்க வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழி: சீன ஆண்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைத்து, சந்தேகப்பட்டவர்களை லாரியில் ஏற்றிக் கடற்கரையில் சுட்டார்கள். குறைந்த கணக்கே சில ஆயிரம், சீனர்கள் சொல்லும் கணக்கு பல பத்தாயிரம். பிறகு கொள்ளையடித்தவர்களின் தலையை வெட்டிப் பொது இடத்தில் காட்சிக்கு வைத்தார்கள். கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம்தான். சயாம், பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர், ஒரு வருஷம் சொச்சத்தில் போட்டு முடித்தார்கள். அதில் சுமார் 12,000 போர்க்கைதிகளும் அதைப்போலப் பல மடங்கு ஆசியக் கூலிகளும் செத்தார்கள், மலேயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போன நம்ம ஆட்கள் மட்டுமே பல ஆயிரம். இத்தனையும் "கொஞ்ச ஆள்" கணக்கில் வராது.

பர்மாவில் அவர்களுக்கு இன்னொரு வசதி இருந்தது. ஆங் சான் படை அவர்களோடு சேர்ந்தே உள்ளே வந்தது. வெள்ளைக்காரன் போவான் என்ற ஆசையில் ஊர் அவர்களுக்கு வழிவிட்டது. 1943 ஆகஸ்டில் சுதந்திரம் என்று ஒரு பெயரும் கொடுத்தார்கள். உள்ளே இருந்த மிலிட்டரி போலீசான கெம்பெய்தாயைப் பார்த்த பிறகு அந்த ஆசை போய்விட்டது. 1944-ல் இம்பாலில் ஜப்பான் நொறுங்கியது, 1945 மார்ச் 27-ல் அதே ஆங் சான் படை துப்பாக்கியை ஜப்பான் பக்கம் திருப்பியது.

உங்கள் ஐயாவிடம் எனக்கு ஒரு கேள்வி இருந்திருக்கும். 1942-ல் அராக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் சுமார் 5 லட்சம் இந்தியர்கள் நடந்தும் படகிலும் ஓடினார்களே, அவர்கள் வீட்டுக் கதவெல்லாம்கூடத் திறந்துதான் கிடந்தது, இல்லையா?

2003-ல் நம்ம படையையும் ஈராக்குக்குக் கேட்டார்களாமே, நிஜமா?
(பலசரக்குக் கடைக்காரர், புதுவயல்)

நிஜம். ஒரு முழு டிவிஷன் கேட்டார்கள், கிட்டத்தட்ட 17,000 பேர். டெல்லியில் ஆதரித்தவர்களும் இருந்தார்கள். வாஜ்பாய் அரசு வாரக்கணக்கில் யோசித்து, 2003 ஜூலை 14-ல் முடியாது என்றது. ஐ.நா. தெளிவாகச் சொன்னால் யோசிக்கலாம் என்பது சொன்ன காரணம். அதற்கு முன் ஏப்ரலிலேயே நாடாளுமன்றம் அந்தப் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தது. சொல்லாத காரணம் பாக் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் இருந்தது என்று நான் நினைக்கிறேன், அது அடுத்த கடிதத்தில் வருகிறது.

படை போகவில்லை, ஆனால் ஆட்கள் போனார்கள் அண்ணாச்சி. லாரி ஓட்டவும் சமைக்கவும். 2004 ஜூலையில் குவைத் நிறுவனம் ஒன்றில் ஓட்டிய மூன்று இந்தியர்களைக் கடத்திக்கொண்டு போனார்கள், செப்டம்பரில்தான் விட்டார்கள். அந்த வாரம் எங்கள் யார்டில் ஒருத்தன்கூட சாவியை எடுக்கவில்லை. மேனேஜர் பாஸ்போர்ட் பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்து, "எடுத்துக்கொண்டு போகிறவன் போகலாம், டிக்கெட் காசு அவனவனுடையது" என்றார். மூன்றாம் நாள் எல்லாரும் வண்டி எடுத்தார்கள். வீட்டில் வட்டிக்கு வாங்கி அனுப்பியிருப்பார்கள், வேறு என்ன செய்வான்.

நானும் 1988-ல் வவுனியாவில் இருந்தவன். ஆக்கிரமிப்புப் படை என்று நீங்கள் போடும் பட்டியலில் எங்களையும் சேர்ப்பீர்களா?
(முன்னாள் ராணுவ வீரர், கல்லல்)

அண்ணே, இந்தக் கடிதத்தை நாலு நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டப்படி இல்லை. 1987 ஜூலை 29-ல் ராஜீவும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், அந்த நாட்டு அரசு கூப்பிட்டுத்தான் போனீர்கள். யாழ்ப்பாணத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள். ஆனால் புலிகளிடமிருந்து ஆயுதத்தை வாங்கி வைக்கப் போன படை அக்டோபரில் அதே ஊரோடு முழுச் சண்டையில் இருந்தது. 11-ஆம் தேதி ராத்திரி யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கிய சீக்கியப் படைப் பிரிவின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். பத்து நாள் கழித்துத் தீபாவளி அன்று யாழ் ஆஸ்பத்திரிக்குள் நம்ம படை சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளுமாக 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. முதலாவதை மட்டும் எழுதினால் அங்கே உள்ளவர்கள் கேட்பார்கள், இரண்டாவதை மட்டும் எழுதினால் நீங்கள் கேட்பீர்கள்.

எனக்குக் கோபம் அந்த அக்டோபர் முடிவின்மேல்தான். போன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு. அந்த இடத்தில் நின்று, "இதற்குத்தான் வந்தோமா?" என்று டெல்லியில் யாராவது ஒருமுறை முழுசாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் டிவிஷன் மேல் டிவிஷனாக ஏற்றி 80,000-க்கும் மேலே கொண்டுபோனார்கள். பெரும்பாலான ஜவான்களுக்குத் தமிழ் தெரியாது, உங்களைப் போலத் தெரிந்தவர்களை ஒவ்வொரு சோதனைக்கும் மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி, உள்ளே இருக்கிற ஆச்சியிடம் தமிழிலேயே "பையன் எங்கே?" என்று கேட்டவனுக்கு ஒப்பந்தத்தின் ஷரத்து நினைவில் இருந்திருக்காது, ஆச்சிக்கும் இருந்திருக்காது. 1989 ஜூனில் பிரேமதாசா போகச் சொல்லிவிட்டார், உங்களோடு சண்டையிட்டவர்களுக்கே அவர் அரசு ஆயுதமும் கொடுத்தது. 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல். நம்ம பக்கம் சுமார் 1,200 பேர் திரும்பவில்லை, அந்தப் பக்கம் செத்த பொதுமக்கள் ஆயிரக்கணக்கில்.

சென்னையில் வந்து இறங்கியவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. அவர் கோபத்துக்கு நியாயம் உண்டு என்றே அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோபம் கப்பலில் வந்த ஜவானை நோக்கிப் போனது, முடிவெடுத்தவர்கள் கப்பலில் வரவில்லை. பட்டியலில் உங்களைச் சேர்ப்பேனா என்றால், உங்களை மாட்டேன். அந்த அக்டோபரைச் சேர்ப்பேன். இந்தப் பதில் உங்களுக்குப் போதாது என்று தெரியும். கல்லல் வரும்போது நேரில் பேசுவோம்.

பெட்டகத்தை ஒழித்தபோது அடியில் ஒரு கட்டு நோட்டு கிடைத்தது. 10 ரூபாய் என்று இருக்கிறது, கோயில் படம், மூலையில் 'பி' எழுத்து, ஜப்பான் அரசு என்று போட்டிருக்கிறது. ஐயா பர்மாவில் மோல்மீனில் ஒரு வட்டிக் கடையில் அடுத்தாளாக (மேலாளுக்கு அடுத்த பொறுப்பில்) இருந்தார்களாம். இதற்கு இப்போது மதிப்பு உண்டா?
(ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்)

ஆச்சி, அது பர்மாவுக்காக ஜப்பான் ராணுவம் அடித்த நோட்டு. 'பி' என்றால் பர்மா, மலேயாவுக்கு 'எம்'. பின்னால் தங்கமும் கிடையாது, வெள்ளியும் கிடையாது. படைக்கு அரிசி வாங்க, மாட்டு வண்டி பிடிக்க, கூலி கொடுக்க என்று அச்சடித்துக்கொண்டே போனார்கள், விலை ஏறிக்கொண்டே போனது. 1945-ல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் செல்லாது என்று சொல்லிவிட்டான். கட்டாக இருக்கிறது என்றால் உங்கள் ஐயா 1942-ல் நடந்து வந்தவர்களில்லை, மேலாள் கிளம்பிய பிறகும் கடையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே இருந்திருக்கிறார்கள். வட்டி வரவு இந்த நோட்டில்தான் வந்திருக்கும், வாங்க மாட்டேன் என்று சொல்லக் கெம்பெய்தாய் விட்டிருக்காது.

காசு சேர்க்கிறவர்கள் ஒன்றுக்கு ஏதோ சில்லறை கொடுப்பார்கள், காரைக்குடி பழம்பொருள் கடைத்தெருவில் கட்டோடு கேட்பார்கள். கொடுக்காதீர்கள். அந்த வருஷத்துப் பேரேடும் அதே பெட்டகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.